ஆறு மாதப் பயிற்சியைத் திருகோணமலையிலும் தாருங்கள்

இலங்கையின் மென்பொருள் நிறுவனங்களை நடத்துவோருக்கும் அவற்றின் மனிதவளப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

உப்புவெளி,
திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

வணக்கம். கொழும்பில் ஒன்பது ஆண்டுகள் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்துவிட்டு, மகள் பிறந்த பின் ஊருக்குத் திரும்பி வந்த பெண் நான். இப்போது உப்புவெளியில் என் பெற்றோரின் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அதே வேலையைச் செய்கிறேன். கிழமையில் மூன்று மாலைகள், பல்கலைக்கழகத்தில் படிக்கின்ற அல்லது படித்து முடித்த பெண்பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் வந்து இருந்து அந்த வேலையைப் பழகுகிறார்கள். பெண்கள் தினமான மார்ச் 8 ஆம் திகதி ஒவ்வோர் ஆண்டும் உங்கள் நிறுவனங்கள் வெளியிடும் வாழ்த்துச் செய்திகளை அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செய்திகளை நீங்கள் மனமாரத்தான் எழுதுகிறீர்கள் என்ற நம்பிக்கையில் இம்மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒரே ஒரு விடயம். பட்டப்படிப்பின் பகுதியாக மாணவர்கள் நிறுவனமொன்றில் செய்ய வேண்டிய பயிற்சியை, பிள்ளைகள் ‘இன்டர்ன்ஷிப்’ என்று சொல்லும், பெரும்பாலும் ஆறு மாதம் நீளும் அந்தக் காலத்தை, எங்கள் மாவட்டத்துப் பெண்கள் இங்கிருந்தே செய்வதற்கு இடம் கொடுங்கள்.

இவ்வளவு சிறிய கோரிக்கைக்கு ஒரு திறந்த மடல் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு பெண்ணின் முழுத் தொழில் வாழ்வும் அந்த ஆறு மாதத்தில்தான் திறக்கிறது அல்லது மூடிக்கொள்கிறது என்பதை என் கண்ணால் கண்டதே காரணம். நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. நாடு முழுவதிலும் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவோரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். ஆனால் வேலை செய்யும் வயதுடைய பெண்களுள் உழைப்புப் படையில் இருப்போர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். இந்த இரண்டு கணக்குகளுக்கும் நடுவில் காணாமற் போகும் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டால், எங்கள் ஊரைப் பொறுத்தவரை என்னால் விடை சொல்ல முடியும்: அவர்களுட் பலர் கொழும்புக்குப் போகும் 260 கிலோமீற்றர் வீதியின் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். பயிற்சி விளம்பரங்களில் இடம் என்ற கட்டத்தில் கொழும்பு என்றே இருக்கிறது. பயிற்சி இல்லாதவரின் சுயவிபரக் கோவையை உங்கள் அலுவலகத்தில் யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை தொடர்பற்ற வேறு வேலைக்கோ, அரச நியமனத்துக்குக் காத்திருப்போர் வரிசைக்கோ போய்விடுகிறாள்.

என் காலத்தில் நான் எப்படிப் போனேன் என்பதைச் சொல்கிறேன். நேர்முகப் பரீட்சை காலை ஒன்பது மணிக்கு. முதல்நாள் இரவுப் புகையிரதத்தில் அப்பாவுடன் ஏறினேன். விடியும்போது கோட்டை நிலையத்தில் இறங்கி, பெண்கள் தங்குமறையில் முகம் கழுவி, அம்மா மடிப்புக் கலையாமல் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்திருந்த உடுப்பை மாற்றிக்கொண்டு, ஆறரை மணி தொடங்கி அந்த நிறுவனத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் நாங்கள் இருவரும் காத்திருந்தோம். உள்ளே என்னிடம் கேட்கப்பட்ட முதலாவது கேள்வி தரவுக் கட்டமைப்பைப் பற்றியதாக இருக்கவில்லை. “கலியாணம் எப்போது?” என்று கேட்டார்கள். இரண்டாவது, எங்கே தங்கப் போகிறேன் என்பது. மூன்றாவது கேள்வியிலிருந்துதான் நான் படித்தவற்றைக் கேட்டார்கள். எனக்கு வேலை கிடைத்தது. என்னுடன் படித்து, என்னைவிட நன்றாக நிரல் எழுதிய இரண்டு பேர் அந்தப் புகையிரதத்தில் ஏறவே இல்லை. ஒருவரின் தகப்பன் போர்க்காலத்தில் இறந்துவிட்டார். தாயையும் தம்பிமாரையும் விட்டுவிட்டு அவரால் வர இயலவில்லை. மற்றவருக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

அனுமதி என்ற சொல்லைக் கேட்டதும், இது குடும்பங்களின் பிற்போக்கு, நிறுவனங்கள் என்ன செய்ய முடியும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடந்த ஆண்டு என் மாணவி ஒருவருக்குப் பயிற்சி வாய்ப்பு வந்தபோது அவருடைய தகப்பனுடன் பேசுவதற்காக மூதூருக்குப் போயிருந்தேன். கடற்றொழில் செய்பவர். வலை பின்னிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமலே நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு, “மிஸ், பிள்ளை படிச்சது காணும் எண்டு நான் சொல்லேல்ல. அங்க ஒரு அறைக்குக் கேக்கிற காசும் இவவுக்குக் குடுக்கிற காசும் ஒண்டாக் கிடக்குது. காய்ச்சல் எண்டு படுத்தா ஆர் பாக்கிறது? அதுக்கு மட்டும் நீங்க ஒரு பதில் சொல்லுங்க” என்றார். நான் கொண்டு போயிருந்த பேச்சு எதுவும் அந்தக் கேள்விக்கு உதவவில்லை. அவர் கேட்டது ஒரு கணக்கு. பயிற்சிக் கொடுப்பனவு போர்டிங் வாடகைக்கும் பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்குமே போதாது என்றால், ஆறு மாதமும் வீட்டிலிருந்து பணம் அனுப்பக்கூடிய குடும்பத்துப் பிள்ளைதான் பயிற்சி பெற முடியும். ஆண்பிள்ளைகள் ஓர் அறையில் ஐந்து பேராகப் படுத்து அதைச் சமாளிக்கிறார்கள். பெண்பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. அவர் தன் மகளைத் தடுத்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் இழப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு பிள்ளை வருகிறார். 2009 இல் பாலம் திறக்கப்படும்வரை அவருடைய தாய் நகரத்துக்கு வருவதென்றால் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் வர வேண்டும். மகள் இப்போது பஸ்ஸில் வந்து, மஃரிபுக்கு முன் வீடு திரும்பிவிடுகிறார். ஒருநாள் அவர் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த ஓரிடத்தில், பயன்பெறுவோர் பட்டியலை வைத்திருக்கும் மென்பொருளில், கௌசல்யா என்ற பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை. பட்டியலை உருட்டிக்கொண்டு போனால் அதே பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அங்கிருந்தவர்கள் அந்தப் பெண்ணை இரண்டாம் முறையாகப் பதிந்துவிட்டு வேலையை முடித்திருந்தார்கள்.

இந்தப் பிள்ளை அத்துடன் விடவில்லை. இரண்டு பெயர்களையும் நகலெடுத்து, கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் வைத்திருக்கும் யுனிகோட் எண்ணை அச்சிடும் நான்கு வரி நிரல் ஒன்றை எழுதி ஓட்டினார். ஒன்றில் ‘கௌ’ என்பது ககரமும் ஔகாரக் குறியுமாக இரண்டு எண்களாக இருந்தது. மற்றதில் அது ‘கெள’, அதாவது ககரம், எகரக் குறி, தனி ளகரம் என மூன்று எண்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். எகரக் குறியையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக மாற்றிவிட்டால் தீர்ந்ததுதானே என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். “அப்படிச் செய்தால் எங்கட உப்புவெளியும் நிலாவெளியும் உடைஞ்சிரும், மிஸ்” என்றார் இந்தப் பிள்ளை. ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறி வராத இடத்தில் மட்டும் மாற்றலாமா என்று அவரே யோசித்து, ‘வெளறிய’ என்ற சொல்லை நினைத்து அதையும் கைவிட்டார். பதிந்திருப்பதை மாற்றாமல், தேடும்போது மட்டும் இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பதே அவர் எழுதிய வழு அறிக்கையின், அதாவது மென்பொருளின் பிழையை விளக்கும் குறிப்பின், முடிவு. சிக்கல் தோன்றும் படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, தீர்வு, அந்தத் தீர்வு எங்கே பிழைக்கலாம் என்ற எச்சரிக்கை எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தன. ஒன்பது ஆண்டுகளில் பல நூறு வழு அறிக்கைகளை வாசித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அதைவிடத் தெளிவான ஒன்றை நான் அதிகம் கண்டதில்லை.

இந்த நாட்டின் வங்கிச் செயலிகளையும் வைத்தியசாலைப் பதிவேடுகளையும் அரச படிவங்களையும் எழுதுவோர் நீங்கள். அவற்றில் தமிழ்ப் பெயர்கள் உடைவதையும், யுனிகோட் முறையில் அமையாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்கள் தேடலில் அகப்படாமற் போவதையும், தகப்பனின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கும் பெண்ணிடம் குடும்பப் பெயர் எது என்று படிவம் விடாமல் கேட்பதையும் நாங்கள் நாளாந்தம் அனுபவிக்கிறோம். இந்த வழுக்களை முதல் நாளிலேயே கண்டுபிடிக்கக்கூடியவர் கிண்ணியாவில் இருக்கிறார். அவருக்கு இன்னும் பயிற்சி இடம் கிடைக்கவில்லை.

தூரத்திலிருந்து பயிற்சி கொடுக்க முடியாது, பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வேலை பழகும் என்பது நான் அதிகம் கேட்ட மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. மூத்தவர் ஒருவரின் திரையை எட்டிப் பார்த்துத்தான் நானும் பாதி வேலையைக் கற்றேன். ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது உங்கள் நிறுவனங்கள் சில நாட்களுக்குள் முழுமையாக வீடுகளுக்கு மாறின. அந்த ஆண்டு சேர்ந்த புதியவர்களுக்கும் நீங்கள் திரைவழியேதான் வேலை பழக்கினீர்கள். 2022 இல் எரிபொருள் இல்லாமல் போனபோதும், மார்ச் மாத இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோதும் வாடிக்கையாளருக்குச் சொன்ன நாளில் வேலையை ஒப்படைத்தீர்கள். அதில் நானும் இருந்தேன். மின்கலத்தில் ஓடிய இணையக் கருவியைச் சன்னலோரம் வைத்துக்கொண்டு இரவு இரண்டு மணிக்குச் சோதனை முடித்திருக்கிறேன். கொழும்பில் இருந்தவர்களுக்காக நீங்கள் கண்டுபிடித்த வழிகள் அனைத்தும் திருகோணமலைக்கும் பொருந்தும். பக்கத்தில் இருந்து பழக வேண்டும் என்பது அவசியமானால், மூத்த பொறியியலாளர் ஒருவரை மாதத்தில் மூன்று நாள் இங்கே அனுப்புங்கள். பயிற்சி பெறுவோரை முதல் இரண்டு வாரத்துக்குக் கொழும்புக்கு அழைத்து, தங்குமிடத்தை நிறுவனமே ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு வாரம் என்றால் அந்த மூதூர்த் தகப்பன் மகளுடன் தானே வந்துவிடுவார்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களை வைத்து உயர்தர மென்பொருள் எழுத முடியுமா என்ற கேள்வி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. 1939 இல் ஐந்து வயதில், நாசி ஜேர்மனியின் பிடியிலிருந்து பெற்றோரைப் பிரிந்து புகையிரதத்தில் பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்ட அகதிப் பிள்ளை ஸ்டெபனி ஷேர்லி, 1962 இல் மிகச் சிறிய முதலுடன் ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். கலியாணத்தோடும் பிள்ளைப்பேற்றோடும் கணினித் துறையிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்களை அவர் தேடிப்பிடித்து, வீட்டிலிருந்தே நிரல் எழுத வைத்தார். பெண்ணின் பெயரில் அனுப்பிய வணிகக் கடிதங்களுக்குப் பதில் வராததால் ‘ஸ்டீவ்’ என்று கையொப்பமிடத் தொடங்கினார். அதன் பிறகு பதில்கள் வந்தன. முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலாக்கம் அந்தப் பெண்களிடமிருந்து வந்தது. 1975 இல் பிரித்தானியாவில் பால் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தபோது, ஆண்களையும் வேலைக்கு எடுக்கும்படி மாற வேண்டிய நிறுவனமாக அது இருந்தது. இணையமும் காணொளி அழைப்பும் இல்லாத காலத்தில், தாளில் எழுதிய நிரலைத் தபாலில் அனுப்பி அவர்கள் இதைச் செய்தார்கள். அகதி வாழ்க்கையை நேரில் அறிந்த எங்கள் மாவட்டத்தில் இந்த வரலாற்றைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து இருந்து கேட்கிறார்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருக்கும்படி வேண்டுகிறேன். ஊரிலிருந்து வேலை என்றால் மலிவான வேலை என்று பொருள் கொள்ள வேண்டாம். இங்கே பெண்களுக்கு இணையவழி வேலை என்று வந்தவற்றிற் பல, தரவுப் பதிவுக்கு வரிக்கு இவ்வளவு என்று பணம் தரும் வேலைகளாகவே இருந்திருக்கின்றன. நியமனக் கடிதம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் செலுத்த வேண்டிய 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 சதவீதமும் கிடையாது. ஐந்து வருடம் வேலை செய்த பெண்ணிடம் வங்கிக் கடனுக்குக் காட்ட ஒரு தாள் இல்லை. கொழும்பில் அதே பயிற்சியைச் செய்பவருக்குக் கொடுக்கும் அதே கொடுப்பனவு, அதே மடிக்கணினி, நிறுவனத்தின் நிரல்களைச் சேமித்து வைக்கும் நிரற் களஞ்சியத்தில் அதே அனுமதி, முடிவில் அதே நேர்முகப் பரீட்சை ஆகியவை இல்லாவிட்டால் நான் கேட்பதை நீங்கள் தந்ததாக ஆகாது.

பயிற்சியில் உள்ளே வருபவர் பிறகு நிலைத்து நிற்க வேண்டும் என்பதால் என் சொந்த அனுபவத்தில் இன்னொன்றையும் சொல்கிறேன். இந்நாட்டுச் சட்டம் தாய்க்கு 84 நாள் பிரசவ விடுமுறை தருகிறது. 2018 ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடும் அதில் இல்லை. நான் வேலை செய்த நிறுவனம் அந்த விடுமுறையை ஒரு நாள் குறையாமல் தந்தது. திரும்பி வந்தபோது நான் நான்கு ஆண்டுகள் வளர்த்தெடுத்த பிரிவு வேறொருவரிடம் இருந்தது. “நீங்கள் இப்போது தாய், சிரமப்படக் கூடாது என்று இலகுவான வேலை வைத்திருக்கிறோம்” என்று என் மேலாளர் சொன்னார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த ஆண்டு இறுதி மதிப்பீட்டில் ‘பங்களிப்பு போதாது’ என்று எழுதப்பட்டது. குழுக் கூட்டம் லண்டன் வாடிக்கையாளரின் பகல் இரண்டு மணிக்கு வைக்கப்பட்டது. குளிர்காலத்தில் அது எங்களுக்கு இரவு ஏழரை. பால் குடிக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒலிவாங்கியை அணைத்து அணைத்துப் பேசியவள், ஆறு மாதத்தில் அந்தக் கூட்டத்தில் பேசுவதையே நிறுத்திவிட்டேன். அந்தக் கூட்டத்தை லண்டனின் காலை ஒன்பதரைக்கு நகர்த்தியிருந்தால் எங்களுக்கு மாலை மூன்று மணி. யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. அதனால்தான் என் வகுப்பில் சோதனை முறைகளோடு, கூட்ட நேரத்தை மாற்றும்படி எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கும் சில வாரங்கள் விடுமுறை கொடுத்துப் பாருங்கள். ‘நீங்கள் இப்போது தாய்’ என்ற பேச்சு அலுவலகத்தில் தானாகவே குறையும்.

இம்மடலை வாசிப்போரில் யாராவது முன்வருவீர்களானால் தொடங்குவதற்கு வேண்டியவை அதிகம் இல்லை. அடுத்த பயிற்சிச் சுற்றுக்கான விளம்பரத்தில், இடம் என்ற கட்டத்தில் கொழும்புக்குப் பக்கத்தில் திருகோணமலை என்றும் எழுதுங்கள். முதலில் இரண்டு பேர் போதும். ஒருவர் மட்டும் என்றால் அவர் தனித்துப் போவார். நேர்முகப் பரீட்சையைத் திரைவழியே வையுங்கள். கலியாணம் பற்றிய கேள்வியைக் கேள்விப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் தடுமாறுபவருக்கு ஒரு நிரலைக் கொடுத்து அதில் பிழை எங்கே என்று கேளுங்கள், அவர் கை பேசும். வளாகத்தின் கணினித் துறையினருடன் பேசி, இந்தப் பயிற்சி பட்டப்படிப்பின் கணக்கில் சேர்வதற்கான ஒழுங்கைச் செய்துகொள்ளுங்கள். பெற்றோருடன் பேச ஒருவர் வேண்டுமென்றால் நான் வருகிறேன், மூதூருக்கும் புல்மோட்டைக்கும் தம்பலகாமத்துக்கும்.

எங்கள் விறாந்தையில் எட்டுக் கதிரைகளும் ஒரு நீள மேசையும் இருக்கின்றன. வீதிக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. மின்சாரம் நின்றால் நான்கு மணி நேரம் தாங்கும் மின்கலம் வாங்கி வைத்திருக்கிறேன். தகுந்த அலுவலகம் ஒன்று அமையும்வரை அந்த இடத்தை வாடகை இன்றிப் பயன்படுத்தலாம். கிண்ணியாப் பிள்ளையின் வழு அறிக்கையை, அவருடைய சம்மதத்துடன், கேட்பவர்களுக்கு அனுப்பி வைப்பேன். முதலில் அதை வாசியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் துறையில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும்
மென்பொருள் பரிசோதகர் ஒருவர்,
உப்புவெளி.